தனியாகவும் கரை சேரத் தெரிந்த இருவர்

பணி ஓய்வுக்குப் பிறகு பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு, பசிபிக் தீவுகளுக்கிடையே வாழும் தம்பதிகளைப் பற்றிய சிறப்புக் கட்டுரை

கலாபகோஸ் தீவுகளுக்கும் மார்க்கேசஸ் தீவுகளுக்கும் இடையே ஏறக்குறைய 3,000 கடல் மைல். கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 5,500. நடுவில் ஒரு தீவு கிடையாது. ஒதுங்க ஒரு துறை கிடையாது. நாற்பது அடி நீளமுள்ள பாய்மரப் படகு, காற்று ஒத்துழைத்தால் நாளொன்றுக்கு 120 முதல் 150 கடல் மைல் போகும். அதாவது மூன்று வாரப் பயணம். காற்று சோர்ந்துவிட்டால் நான்கு வாரம். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் தொடங்கி மே, ஜூன் வரை நூற்றுக்கணக்கான படகுகள் இந்த நீர்வெளியைக் கடக்கின்றன. அவற்றில் பலவற்றில் இருப்பவர்கள் இரண்டே பேர்: பணி ஓய்வு பெற்ற கணவரும் மனைவியும்.

அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று பல நாட்டவர்கள். ஆசிரியராக, பொறியாளராக, செவிலியராக முப்பது நாற்பது ஆண்டு உழைத்தவர்கள். சிலர் வீட்டை விற்றுப் படகு வாங்கியிருப்பார்கள். சிலர் வீட்டை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையையும் ஓய்வூதியத்தையும் வைத்துக் கடலில் வாழ்வார்கள். கோடீஸ்வரர்களின் உல்லாசக் கப்பலோடு இதைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. இங்கே மாலுமி, சமையல்காரர், மெக்கானிக், கிழிந்த பாயைத் தைப்பவர், கழிவறைக் குழாயைச் சரிசெய்பவர் எல்லாமே அந்த இரண்டு பேர்தான்.

புகைப்படங்களில் இந்த வாழ்க்கை தென்னை, வெண்மணல், பச்சை நீலத் தண்ணீர் என்று நீண்டதொரு தேனிலவாகத் தெரியும். அந்த அழகு பொய்யில்லை. ஆனால் அதைத் தாங்கி நிற்கும் அடிப்படை ஒன்று உண்டு. அது படத்தில் விழுவதில்லை. இரண்டு பேர் மட்டும் உள்ள படகில் ஒருவர் காய்ச்சலில் படுத்தாலே மாலுமிகளில் பாதி குறைந்துவிடுகிறது. நடுக்கடலில் மருத்துவரும் இல்லை, உதவிக்கு ஆளும் இல்லை. ஆகவே இருவரில் எவர் விழுந்தாலும் மற்றவர் தனியாகவே படகைக் கரை சேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ்வதற்காகவே தனியே நிற்கக் கற்றுக்கொள்வது என்பதுதான் இந்த வாழ்க்கையின் உயிர்நாடி. கடலோரம் போகாதவர்களும் இதைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

காற்று வகுத்த பாதை

தென்கிழக்கிலிருந்து நிலையாக வீசும் காற்றைப் பள்ளிக்கூடத்தில் வியாபாரக் காற்று என்று படித்திருப்போம். பாய்க்கப்பல்களின் காலத்தில் சரக்கைச் சுமந்த காற்று அது. இன்று இந்தத் தம்பதிகளை மேற்கே கொண்டுபோவதும் அதுதான். காற்று முதுகுப் பக்கம் இருக்கிறது. நீரோட்டமும் அதே திசையில் ஓடுகிறது. மார்க்கேசஸ், துவாமோட்டு, தாஹிட்டி, மூரேயா, ராயாத்தேயா, போரா போரா, குக் தீவுகள், நியுவே, தொங்கா, ஃபிஜி என்று தீவு தீவாகப் போகும் இந்தத் தடத்தைக் கடலோடிகள் தேங்காய்ப்பால் பாதை என்று செல்லமாக அழைக்கிறார்கள்.

பெயர் இனித்தாலும் பாதைக்குக் கெடு உண்டு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென்பசிபிக்கில் புயல் காலம். அது தொடங்குவதற்குள் புயல் எட்டாத இடத்துக்குப் போய்விட வேண்டும். பெரும்பாலானோர் ஃபிஜியிலிருந்தோ தொங்காவிலிருந்தோ தெற்கே ஆயிரம் கடல் மைலுக்கு மேல் இறங்கி நியூசிலாந்து போகிறார்கள். இந்தக் கட்டத்தில் வெதுவெதுப்பான கடலை விட்டுக் குளிர்ந்த கடலுக்குள் நுழைய வேண்டும். தெற்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகளின் இடைவெளி பார்த்துத்தான் கிளம்ப முடியும். வழியில் மினர்வா என்ற பவளத் திட்டு இருக்கிறது. கடலேற்றத்தின்போது அது முழுக்க நீரில் மூழ்கிவிடும். கண்ணுக்கெட்டியவரை நிலமே இல்லாத கடல் நடுவில், அந்தப் பவள வளையத்துக்குள் நங்கூரம் போட்டுக்கொண்டு நல்ல காற்றுக்காகப் படகுகள் காத்துக் கிடக்கும்.

ஃபிஜியிலேயே தங்க நினைப்பவர்களுக்கு வூடா துறையில் ஓர் ஏற்பாடு உண்டு. தரையில் குழி வெட்டி, படகின் அடிப்பகுதியை அதற்குள் இறக்கி, கயிறுகளால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் படகு சாயாது. படகைக் காப்பீடு செய்யும் நிறுவனங்களும் புயல் காலத்தில் படகு எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குகின்றன.

இந்த வாழ்க்கையின் நாள்காட்டியை வகுப்பது காற்றுதான். பேரப்பிள்ளைகள் விமானத்தில் வந்து இறங்கும் தேதிக்காக, வானிலையை மீறிக் கிளம்பி அவதிப்பட்டவர்களின் கதை துறைக்குத் துறை உண்டு. இளைஞர்களிடம் உடல்பலம் இருக்கும். ஆனால் விடுப்பு தீர்ந்துவிடும் என்ற அவசரமும் கூடவே இருக்கும். ஓய்வு பெற்றவர்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஒரு வாரம் காற்று சரியில்லையா, ஒரு வாரம் காத்திருப்பார்கள். பாய்மரப் பயணத்தில் காத்திருக்கத் தெரிவதே பாதிப் பாதுகாப்பு.

மூன்று மணி நேரக் காவல்

நடுக்கடலில் நங்கூரம் அடி தொடாது. படகு இரவிலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம் ஒருவர் காவல், அடுத்த மூன்று மணி நேரம் மற்றவர் என்று மூன்று வாரமும் முறை போகும். தொடுவானத்தில் ஒளிப்புள்ளியாகத் தெரியும் சரக்குக் கப்பல் இருபது நிமிடத்துக்குள் பக்கத்தில் வந்துவிடலாம். கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தையும் வேகத்தையும் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் ஏ.ஐ.எஸ். கருவி இன்று பெரும் துணை. ஆனால் மிதக்கும் மரக்கட்டைக்கும் விளக்கில்லாத மீன்பிடிப் படகுக்கும் அந்தக் கருவி இருக்காது. கண்தான் கடைசிக் காவல்.

சுக்கானைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. படகின் பின்புறம் தகடு ஒன்று காற்றைப் பார்த்து நிற்கும். படகு திசை மாறினால் காற்று அந்தத் தகட்டைச் சாய்க்கும். அது நீருக்குள் இருக்கும் துடுப்பைத் திருப்பும். ஓடும் தண்ணீரின் விசை சுக்கானை இழுத்துப் படகைப் பழைய திசைக்கே கொண்டுவரும். மின்சாரம் ஒரு சொட்டும் தேவையில்லை. 1960-இல் நடந்த அட்லான்டிக் தனியாள் படகுப் பந்தயத்தில் பிளாண்டி ஹாஸ்லர் இத்தகைய கருவியோடு கடல் கடந்த பிறகு அது உலகெங்கும் பரவியது. ஒரு மூன்றாம் மாலுமியே கிடைத்ததுபோல் ஆயிற்று. இருவராகவும் தனியாகவும் கடல் கடப்பது பலருக்கும் கைகூடியதற்கு இதுவும் முக்கியக் காரணம்.

மூன்று வாரம் முழுக்கச் சில சதுர மீட்டருக்குள் வாழும் தம்பதிகள், நீண்ட பயணத்தில் உண்மையில் ஒருவரையொருவர் அதிகம் பார்ப்பதில்லை. ஒருவர் விழித்திருக்கையில் மற்றவர் தூங்குகிறார். காவல் மாறும் கால் மணி நேரத்தில் பேச வேண்டியதைப் பேசிவிட வேண்டும்: காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எந்தக் கப்பல் எங்கே போகிறது, மேகம் எங்கே கருத்திருக்கிறது. பிறகு ஒரு கோப்பைத் தேநீர், சாப்பாட்டு நேரம். அவ்வளவுதான். தூங்கப் போகிறவர், விழித்திருப்பவரின் தீர்மானத்தை முழுதாக நம்பித்தான் கண்ணை மூட முடியும். பாதித் தூக்கத்தில் எழுந்துவந்து சரிபார்ப்பவரால் நான்காம் நாள் நிற்கவே முடியாது.

இரவில் கடைப்பிடிக்கும் விதிகள் சில உண்டு. மற்றவரை எழுப்பாமல் மேல்தளத்தின் முன்பகுதிக்குப் போகக் கூடாது. இடுப்பு வாரைப் படகோடு கோக்காமல் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது. பாயைச் சுருக்கலாமா என்ற எண்ணம் மனத்தில் எழுந்தாலே சுருக்கிவிட வேண்டும். தூங்குகிறவரை எழுப்பத் தயங்கித் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. இருட்டில் கடலில் விழுந்தவரைத் திரும்பக் கண்டுபிடிப்பது அநேகமாக நடக்காத காரியம். ஆகவே முயற்சி எல்லாம் விழாமல் இருப்பதிலேயே போகிறது.

குடிநீருக்குக் கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் கருவி. மின்சாரத்துக்குச் சூரியத் தகடுகள். முட்டைக்கோஸ், பூசணி, வெங்காயம், உருளைக்கிழங்கு, எலுமிச்சை ஆகியவை வாரக் கணக்கில் தாங்கும். குளிர்பதனப் பெட்டியைப் பார்க்காத புது முட்டைகளைத் திருப்பித் திருப்பி வைத்தால் அவையும் தாங்கும். ஆடும் படகில் கொதிக்கும் குழம்பு சிந்திவிடாமல் காப்பதால், பூட்டிய மூடியுடைய பிரஷர் குக்கருக்கு இந்தச் சமையலறைகளில் தனி மதிப்பு.

வழிகாட்டிய தம்பதிகள்

இருவராகக் கடல் கடப்பது சாத்தியம் என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர்கள் ஆங்கிலேயத் தம்பதி எரிக் ஹிஸ்காக், சூசன் ஹிஸ்காக். முப்பது அடி நீளமே உள்ள ‘வாண்டரர் III’ படகில் 1952 முதல் 1955 வரை உலகைச் சுற்றினார்கள். 1959-இல் மறுபடியும் கிளம்பி 1962-இல் திரும்பினார்கள். ஜி.பி.எஸ். இல்லாத காலம். சூரியனையும் நட்சத்திரங்களையும் செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து, கணக்குப் போட்டு, வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். எரிக்குக் கண்பார்வை மிகக் குறைவு. அந்த நிலையிலும் அவர்களால் முடிந்தது என்றால், சூசனும் முழு மாலுமியாக இருந்ததுதான் காரணம். எரிக் எழுதிய நூல்கள் பிறகு கடலுக்குப் போன ஒரு தலைமுறைக்கே பாடப்புத்தகங்களாயின. 1968-இல் தம்பதி ஏறத்தாழ ஐம்பது அடிப் பெரிய படகுக்கு மாறினார்கள். வயது கூடியதும் மறுபடி சிறிய படகுக்கே திரும்பினார்கள். கடலில் வயதை எப்படி ஒப்புக்கொள்வது என்பதற்கு அதுவே நல்ல எடுத்துக்காட்டு.

அடுத்த தலைமுறையில் லாரி பார்டி, லின் பார்டி. லாரி கனடாக்காரர், மனைவி லின் அமெரிக்கர். இருவரும் சேர்ந்து கட்டிய ‘செராஃபின்’ 1968-இல் நீரில் இறங்கியது. நீளம் 24 அடிதான். அதிலும் அதன் பின் கட்டிய ‘தலேய்சின்’ படகிலும் எஞ்சினே கிடையாது. பாயும் துடுப்பும் மட்டும் கொண்டே பல பத்தாண்டு உலகின் கடல்களில் அலைந்தார்கள். பெரிய படகும் பெரிய பணமும் சேரட்டும் என்று காத்திருந்து உடம்பு தளர்ந்துபோகாதீர்கள், சிறிய படகில் இப்போதே புறப்படுங்கள் என்பதே அவர்கள் எழுத்தின் சாரம். லாரி நோய்வாய்ப்பட்டு 2020-இல் காலமானார். லின் அதன் பிறகும் கடலை விடவில்லை.

பவள வளையத்துக்குள்

மார்க்கேசஸ் தீவுகள் கடலிலிருந்து செங்குத்தாக எழும் எரிமலை மலைகள். அங்கிருந்து சில நாள் பயணத்தில் துவாமோட்டு: எழுபதுக்கும் மேற்பட்ட பவள வளையங்கள். தென்னைமரத்தின் உச்சிதான் அந்தத் தீவுகளின் உச்சி. எரிமலைத் தீவு மெல்ல மெல்லக் கடலில் அமிழ, அதன் ஓரத்தில் வளர்ந்த பவளம் மட்டும் வளையமாக எஞ்சுகிறது என்று சார்லஸ் டார்வின் 1842-இல் விளக்கினார். இந்தப் பாதையில் போகிறவர்கள் அந்த விளக்கத்தின் படிகளைக் கண்ணெதிரே காண்கிறார்கள். மார்க்கேசஸ் தொடக்கம், நடுவில் மலையும் சுற்றிலும் பவள அரணுமாக நிற்கும் போரா போரா இடைநிலை, மலையே மறைந்த துவாமோட்டு முடிவு.

வளையத்துக்குள் அமைதியான நீர். ஆனால் உள்ளே போக வழி ஒன்றோ இரண்டோதான், அவையும் குறுகலானவை. வெளிக்கடலின் அலைகள் பவள விளிம்பின் மேல் ஏறி உள்ளே தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அவ்வளவும் அந்தக் குறுகிய வாய் வழியாகவே வெளியேற வேண்டும். சில வாய்களில் நீரோட்டத்தின் வேகம் படகு எஞ்சினின் வேகத்தையே மிஞ்சிவிடும். கடலேற்றமும் இறக்கமும் மாறும் இடைநேரத்தில் நீர் தணியும்; அந்தச் சிறு பொழுதைக் கணித்து உள்ளே நுழைய வேண்டும்.

நுழைந்த பின்னும் கண்ணே வழிகாட்டி. சூரியன் உச்சியில் இருக்கும்போது, முடிந்தால் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது, ஒருவர் படகின் முனையில் நின்று தண்ணீரின் நிறத்தைப் படிக்கிறார். கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பு பவளம். மற்றவர் சுக்கானில். இடையே கைச்சைகை மட்டும். இடது, வலது, நில், பின்னே போ. எஞ்சின் ஓசையில் கத்துவது காதில் விழாது. விழுந்தாலும் பதற்றமே மிஞ்சும். இரண்டு இடத்தையும் இருவரும் மாறி மாறிப் பழகியிருந்தால்தான் ஒருவர் சைகையின் பொருள் மற்றவருக்கு உடனே பிடிபடும்.

கருவி மட்டும் போதாது என்பதற்கு 2014 நவம்பரில் நடந்தது சாட்சி. உலகின் தலைசிறந்த படகோட்டிகள் பங்கேற்ற வால்வோ கடற்பந்தயத்தில் ‘டீம் வெஸ்டாஸ் விண்ட்’ படகு, மொரீஷியசுக்கு வடகிழக்கே உள்ள பவளத் திட்டின் மீது இரவில் முழு வேகத்தில் ஏறி உடைந்தது. மின்னணு வரைபடத்தைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்கவில்லை. சிறிய அளவில் அந்தத் திட்டின் ஆபத்து தெளிவாகத் தெரியவில்லை. உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பினார்கள். இளமையும் பயிற்சியும் நிறைந்த ஒரு குழுவுக்கே நேர்ந்தது அது. அறுபத்தைந்து வயதுத் தம்பதி அந்தி சாய்ந்த பிறகு புதிய தீவுக்குள் நுழைவதில்லை என்று விதி வைத்துக்கொண்டு, இரவெல்லாம் வெளிக்கடலில் மெல்ல உலாவி விடியலுக்குக் காத்திருப்பதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது.

தட்டிலும் கவனம் வேண்டும். பவளத்தின் மீது வளரும் நுண்பாசி ஒன்றின் நச்சு சிறுமீனிலிருந்து பெருமீனுக்கு ஏறி, அதைத் தின்பவருக்கு சிகுவாத்தெரா என்ற நோயைத் தருகிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, நரம்புத் தளர்ச்சி. குளிர்ந்த பொருள் சுடுவதுபோல் தோன்றும் விசித்திர உணர்வு. சமைத்தாலும் நச்சு போகாது. நாற்றமோ சுவை மாற்றமோ இல்லை. ஒரு தீவில் நல்ல மீன் அடுத்த தீவில் நஞ்சாக இருக்கலாம். அந்தக் கரையில் வாழ்கிறவர்களைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

ஆளில்லா வெளி அல்ல

கேட்டுத்தான் நடக்க வேண்டும் என்ற பாடம் மீனோடு முடிவதில்லை. இந்தத் தீவுகளை மனிதர்கள் கண்டடைந்து பல நூற்றாண்டு ஆகிறது. நட்சத்திரம், அலை, பறவை, மேகம் ஆகியவற்றைப் படித்து, இரட்டை ஓடப் படகுகளில் வந்தவர்கள் பாலினீசியர்கள். ராயாத்தேயா தீவின் தபுதபுவாத்தேயா வழிபாட்டுத் தலம் அவர்களின் கடற்பயணங்களுக்கு நடுநாயகம். 2017-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 1976-இல் சத்தவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக், கருவி எதுவுமின்றி ‘ஹோக்குலேயா’ படகை ஹவாயிலிருந்து தாஹிட்டிக்குக் கொண்டுவந்து, அந்த அறிவு வெறும் கதையல்ல என்று நிரூபித்தார். ஜி.பி.எஸ். துணையோடு வந்து சேரும் இன்றைய தம்பதிகள் அந்தக் கரையில் இறங்குவது விருந்தாளிகளாகத்தான்.

ஃபிஜியின் வெளித்தீவுகளில் இந்த முறை வெளிப்படையாகவே இருக்கிறது. நங்கூரம் போட்டதும் முதல் வேலை கிராமத் தலைவரைப் பார்ப்பது. கையில் யங்கோனா என்ற செடியின் வேர்க்கட்டு. அடக்கமான உடை; தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர வேண்டும். வேரை அவர் முன் வைத்து, இந்தக் கடலில் நீந்தவும் மீன் பிடிக்கவும் கரையில் நடக்கவும் அனுமதி கேட்க வேண்டும். செவுசெவு என்ற இந்தச் சடங்கு முடிந்துவிட்டால் வந்தவர்கள் அந்த ஊரின் உறவினர்கள்.

ஃபிஜியில் இன்னொரு குடியேற்றத்தின் தடமும் உண்டு. 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள்; 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் வந்தன. மேற்குத் துறைகளில் படகை நிறுத்துபவர்கள் நாந்தி ஊருக்குச் சாமான் வாங்கப் போனால், தெருக்கோடியில் வண்ணக் கோபுரத்தோடு ஸ்ரீ சிவ சுப்பிரமணிய சுவாமி கோயில் நிற்கும். காற்றைத் தாங்களே தேர்ந்து வருகிற இவர்களுக்கும், தேர்வே இல்லாமல் கப்பலேற்றப்பட்ட அந்த மக்களுக்கும் இதே கடல்தான் வழி.

படகுகள் பெருகியதால் சுமையும் பெருகியிருக்கிறது. நங்கூரச் சங்கிலி ஓரிரவில் அறுக்கும் பவளம் மீண்டும் வளரப் பல ஆண்டு ஆகும். பொறுப்பானவர்கள் மணல் பார்த்து நங்கூரம் இறக்கி, சங்கிலியில் மிதவைகளைக் கட்டிப் பவளத்துக்கு மேலே அதைத் தூக்கி நிறுத்துகிறார்கள். போரா போராவில் கட்டணம் செலுத்தி மிதவையில் கட்டுவதே முறை. படகின் அடியில் ஒட்டிவரும் அந்நிய உயிரினங்களைத் தடுக்க, 2018 முதல் நியூசிலாந்து சுத்தமான அடிப்பகுதியோடு வரச் சொல்கிறது. இவை தொந்தரவான விதிகள் அல்ல. விருந்தாளியாக இருப்பதற்கான குறைந்தபட்ச ஒழுக்கம்.

பெல்ஜியப் பாடகர் ஜாக் பிரெல் 1975-இல் தன் பாய்மரப் படகில் ஹிவா ஓவா தீவை வந்தடைந்தார். நோயுற்றிருந்த அவர் அங்கேயே தங்கினார். சிறு விமானம் வாங்கித் தீவுகளுக்கிடையே தபாலையும் நோயாளிகளையும் ஏற்றிச் சென்றார். 1978-இல் இறந்தவரை அத்தீவின் அட்டுவோனாவில் அடக்கம் செய்தார்கள். ஓவியர் கோகனும் அதே இடுகாட்டில்தான் இருக்கிறார். வந்த இடத்துக்கு ஏதேனும் செய்துவிட்டுப் போவது என்பதை பிரெல் அளவுக்கு எல்லாராலும் செய்ய முடியாது. ஆனால் பள்ளியின் பழுதான ஜெனரேட்டரைச் சரிசெய்வதும், மூக்குக்கண்ணாடிகளைச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுப்பதும் ஓய்வு பெற்ற பொறியாளராலும் செவிலியராலும் முடியும். பலர் அதைச் செய்கிறார்கள்.

கடலைவிடக் கடுமையானவை

இந்த வாழ்க்கையின் மிகக் கொடிய ஆபத்து எப்போதும் புயலாக இருப்பதில்லை. பிரிட்டனைச் சேர்ந்த பால் சாண்ட்லர், ரேச்சல் சாண்ட்லர் தம்பதி 2009 அக்டோபரில் சீஷெல்ஸ் தீவுகளிலிருந்து தான்சானியா நோக்கி ‘லின் ரைவல்’ படகில் போனபோது அவர்களைச் சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்துச் சென்றார்கள். விடுதலை கிடைக்க 388 நாள் ஆனது. இடையில் சில காலம் இருவரையும் பிரித்து வைத்தார்கள். கடற்கொள்ளை மிகுந்த அந்த ஆண்டுகளில் கொச்சி, காலி வழியாகச் செங்கடலுக்குப் போகும் பாதையைக் கைவிட்டு, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே பல படகுகள் போகத் தொடங்கின. சாண்ட்லர் தம்பதி மீட்கப்பட்ட அதே படகைச் சீர்செய்து 2012-இல் மீண்டும் கடலேறினார்கள்.

2020-இல் வந்தது வேறு வகைச் சோதனை. பெருந்தொற்றுக்காகத் தீவு நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எல்லையை மூடின. பசிபிக்கின் நடுவில் இருந்தவர்களுக்குத் திரும்பிப் போகக் காற்று இல்லை; முன்னே போக அனுமதி இல்லை. நோயற்று வாழும் சிறு தீவுகள் கதவை மூடியதில் முழு நியாயம் இருந்தது. ஆனால் புயல் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஃபிஜி அரசு, கடலில் கழித்த நாட்களையும் தனிமைப்படுத்தலாகக் கணக்கிட்டு, நீலப் பாதை என்ற திட்டத்தில் படகுகளை உள்ளே விட்டது. ஒதுங்க இடம் கிடைத்த பலருக்கு அந்த முடிவு உயிர்காத்த உதவி.

மூன்றாவது ஆபத்து உடம்புக்குள் இருக்கிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் படகிலும் கூடவே வரும். ஆறு மாத மருந்து, பல் மருத்துவருடன் முன்கூட்டியே கணக்குத் தீர்த்தல், தையல் போடவும் ஊசி குத்தவும் இருவருக்கும் பயிற்சி, செயற்கைக்கோள் தொலைபேசியில் மருத்துவரை எட்டும் ஏற்பாடு எல்லாம் தேவை. பாயை மின்விசையால் இழுக்கும் உருளைகள் கிழக் கைகளுக்குக் கொஞ்ச காலம் கூட்டிக் கொடுக்கும். ஆனால் மின்சாரம் போனால் கையால் இழுக்க முடியுமா என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் வரும் ஆண்டு, கரைக்குத் திரும்பும் ஆண்டு. அதைத் தாங்களே அறிந்து முடிவு செய்வதும் கடலோடியின் திறமைதான்.

மற்றவர் போன பிறகு

ஜீன் சாக்ரடீஸ் பிரிட்டனைச் சேர்ந்த கணித ஆசிரியை. ஐம்பது வயதை ஒட்டித்தான் கணவர் ஜார்ஜோடு சேர்ந்து பாய்மரப் படகோட்டக் கற்றார். 1997-இல் ‘நெரெய்டா’ என்ற படகை வாங்கி இருவரும் ஓய்வுக்காலத்தைக் கடலில் தொடங்கினார்கள். அட்லான்டிக்கைக் கடந்து கரீபியன் தீவுகளில் வாழ்ந்தார்கள். ஜார்ஜுக்குப் புற்றுநோய் வந்தது. 2003-இல் அவர் இறந்தார்.

படகை விற்றுவிட்டு வீடு திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஜீன் தனியாகப் படகைச் செலுத்தினார். 2008-இல் உலகைச் சுற்றி முடிக்க நூறு கடல் மைலுக்கும் குறைவாக இருந்தபோது, மெக்சிகோ கரையில் ஒதுங்கி அந்தப் படகு அழிந்தது. அதே பெயரில் இன்னொரு படகு கட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினார். 2013-இல் எழுபது வயதில், எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றினார். 2019 செப்டம்பரில், 77 வயதில், மறுபடியும் அதையே செய்து கனடாவின் விக்டோரியா துறைக்குத் திரும்பினார். அதுவரை அந்த வயதில் எவரும் நிற்காமல் தனியே உலகைச் சுற்றியதில்லை.

அவருடைய சாதனை பலரைச் சிலிர்க்க வைக்கிறது. எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது அதற்கெல்லாம் முன், ஜார்ஜோடு கடலில் கழித்த ஆறு ஆண்டு. ஜார்ஜ் உயிரோடு இருந்தபோதே ஜீன் சுக்கானையும் பாயையும் வரைபடத்தையும் தன் கையில் வாங்கிப் பழகியிருந்தார். அந்தப் பழக்கம் இல்லாமல் போயிருந்தால், கணவரோடு சேர்ந்து அந்த வாழ்க்கையும் முடிந்திருக்கும்.

நம் வீடுகளில் நாற்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளைப் பாருங்கள். வங்கிக் கணக்கு, காப்பீட்டுப் பத்திரம், வரிக்கணக்கு எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. எல்லாம் அப்பா பார்த்துக்கொள்வார். அரிசி எங்கே இருக்கிறது, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று அப்பாவுக்குத் தெரியாது. எல்லாம் அம்மா பார்த்துக்கொள்வார். இதை அன்பு என்றே நினைத்து வந்திருக்கிறோம். ஒருவர் போன மறுவாரம், எஞ்சியவர் துயரத்தோடு திகைப்பையும் சேர்த்துச் சுமக்கிறார்.

கடலோடித் தம்பதிகள் இதை வேறு விதமாகச் செய்கிறார்கள். தன் வேலையை மற்றவருக்குக் கற்றுக் கொடுப்பதையே அக்கறையின் முதல் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். அதனால் அவர்களுக்கிடையே உள்ள நெருக்கம் குறைவதில்லை. இருவருக்கும் எல்லாம் தெரியும் என்பதால்தான் ஒருவர் நிம்மதியாகத் தூங்க முடிகிறது. ஓய்வு பெற்ற முதல் மாதம் சுற்றுலாவுக்குத் திட்டமிடுகிறவர்கள், அதற்கு முன்னால் ஒரு வாரம் வேலைகளை மாற்றிக்கொண்டு பாருங்கள். சமையலறை அவருக்கு, வங்கிப் புத்தகம் உங்களுக்கு. பசிபிக்கைக் கடக்கப் போகிறவர்களும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.